ஒற்றைத் தும்மல்

ராஜபாளையத்தில் தை பிறந்து மாமரங்கள் பூத்தால் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத் தும்மல். கண் அரிக்கும், மூக்கு ஒழுகும், தொண்டைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் யாராவது வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் ஆகாது; எங்கள் வீட்டில் அது சட்டம். என் கணவர் மில்லுக்குப் போகச் செருப்பை மாட்டுவார், நான் தும்முவேன். திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். இரட்டைத் தும்மலுக்குக் குற்றமில்லையாம். அதனால் முந்தானை நுனியைத் திரித்து மூக்கில் விட்டு, இன்னொன்றையும் வரவழைப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இதே பிழைப்பு. சலித்துப் போயிற்று.

இந்த வருஷம் மகளுக்குத் தைக் கடைசியில் நிச்சயம் என்று முடிவானது. அன்றைக்கே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள்.

“மைனி, கோவிச்சுக்கிடாதீங்க. தட்டு மாத்துற நேரத்துல நீங்க தும்மிட்டா மாப்ள வீட்டுக்காரவிய என்ன நெனைப்பாவ? செத்த நேரம் அடுப்படியில இருந்துக்கிடுங்க. நான் நின்னு மாத்திடுதேன்.”

பெற்றவள் நான் இருக்க, தட்டை இவள் மாற்றுவாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலர்ஜி மாத்திரை போட்டால் நின்றுகொண்டே தூங்குகிறவள் நான்; அது உதவாது. பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்குபங்சர் பார்ப்பவரிடம் போனேன்.

தேரடிப் பக்கம் ஒரு மாடி அறை. அவர் நாடி பிடித்துப் பார்த்தார். மூக்கின் இரண்டு பக்கமும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலும், காலிலும் மயிர் போன்ற ஊசிகளைக் குத்திவிட்டு அசையாமல் படுக்கச் சொன்னார். வலி பெரிதாக இல்லை. வருஷக்கணக்கில் யாரும் என்னைச் சும்மா படு என்று சொன்னதில்லை. முதல் தடவை தூங்கியே போனேன். கூடவே சீன மூலிகைத் தூள் கொடுத்தார். வெந்நீரில் கரைத்தால் காய்ந்த ஆரஞ்சுத் தோல் வாடையும் வேப்பங்காய்க் கசப்பும்.

“நம்மூரு சுக்கு மிளகு காணாதுன்னு சீனாவுக்குப் போயாச்சாக்கும்” என்றார் கணவர். கிண்டலைக் கண்டுகொள்ளாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். தயிரை விட்டேன், குளிர்ந்த தண்ணீரை விட்டேன். பஸ்ஸில் போய்ப் போய் இடுப்பு விட்டுப்போனது. ஆனால் தும்மல் மெல்ல மெல்ல அடங்கியது. கணவர் நேரத்துக்கு மில்லுக்குப் போனார். ஊசியா, தூளா, தயிரை விட்டதா, எது கேட்டது என்று எனக்குத் தெரியாது.

நிச்சயத்தன்று பட்டுச்சேலை கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் அடுக்கிக் கையில் எடுத்துவிட்டேன். கணவர் அருகில் வந்தார்.

“தங்கச்சிகிட்ட குடுத்துரு. செத்த நேரந்தான? எதுக்கு ரிஸ்க்கு?”

“இப்ப நான் தும்முறதே இல்லையே.”

“அது எந்நேரம் வரும்னு யாரு கண்டா?”

சபையில் சண்டை போட முடியுமா? கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனேன். அழுகை வந்தது. மூக்குச் சிந்தினாலும் தும்மல் என்று சொல்வார்களே என்று அதையும் அடக்கினேன். கூடத்தில் பத்திரிகை வாசிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ‘அச்ச்’ என்று ஒரே ஒரு தும்மல். எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கணவர்தான் முதலில் சிரித்தார்.

“நூறாயுசு சம்பந்தி!”

எல்லோரும் சிரிக்க, நாத்தனார் தட்டை மாற்றினாள்.

பந்தியில் நான்தான் பரிமாறினேன். மாப்பிள்ளையின் அப்பா ரசத்துக்குக் கை காட்டினார். கண் சிவந்து நீர் வழிந்தது.

“மாம்பூ வந்தாலே இந்தத் தும்மல் ஆளைக் கொல்லுது சம்பந்தியம்மா. ஏதாச்சும் நல்ல வைத்தியம் தெரிஞ்சாச் சொல்லுங்க.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதே” என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினேன்.