அடிக்குப் பன்னிரண்டடி

பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு நூற்பாலையில் வேலை கேட்டுப் போய் உண்மையைச் சொல்லியிருந்தேன். "இது உக்காந்து பாக்கற வேலை இல்லீங்களே" என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதனால் இங்கே பேண்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். ஒப்பந்த மேஸ்திரி என் கையைத்தான் பார்த்தார். உள்ளங்கை காய்த்திருந்தது.

"ரிக் வண்டியில இருந்தியா?"

"ஆமாங்க."

"அப்பக் கடப்பாரை புடிச்சுருவ. நாளைக்கு வா."

படிப்பு எனக்கு ஐந்தாவதோடு சரி. திருச்செங்கோட்டு ரிக் லாரிகளில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன். வடக்கே ஒரு ஊரில் ராடு மாற்றும்போது ஒன்று நழுவிக் காலில் விழுந்தது. அதன் பிறகு செயற்கைக் கால். சமதளத்தில் யாருக்கும் தெரியாது. படியும் பரவாயில்லை. சரிவுதான் ஆகாது. ரப்பர் பாதத்துக்குக் கணுக்கால் மடங்காது. ஏறும்போது ஆளைப் பின்னால் சாய்க்கும், இறங்கும்போது முழங்காலை முன்னால் தள்ளும்.

ஐந்து வருடம் போனது. சூரமங்கலத்தில் வாடகை வீடு, காலையில் முதல் டவுன் பஸ், மோட்டார் அறைக்குள் தனியாக மதியச் சாப்பாடு. இயல்பிலேயே கூச்சக்காரன் என்பதால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

கண்டுபிடித்தது ஒரு மாணவி. மோகனூர்ப் பக்கம் கரும்பு விவசாயி ஒருவரின் மகள். சக்கர நாற்காலியில் வந்து எம்.எஸ்ஸி. படித்தாள். அவளுடைய துறைக் கட்டடத்துக்கு ஆறு படி. கூடப் படிக்கிற நான்கு பேர் தினமும் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் வந்து சேரும்வரை என் செம்பருத்திப் பாத்தி ஓரமாகக் காத்திருப்பாள்.

"வடம் புடிக்க ஆள் சேரலீங்க அண்ணா. தேரு நெலையிலயே நிக்குது" என்பாள்.

ஒருநாள் அதே குரலில், "உங்களுக்கு எடது காலுங்களா?" என்று கேட்டாள். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அக்கம்பக்கம் பார்த்தேன்.

"எப்படித் தெரியும் அம்மிணி?"

"எல்லாரும் மூஞ்சியப் பாப்பாங்க. நான் உக்காந்திருக்கற ஒசரத்துக்குத் தரைதானுங்க முதல்ல தெரியும். ஈர மண்ணுல உங்க எடது பாதம் வெரல் ஊனவே மாட்டேங்குது."

"யாருகிட்டயும் சொல்லிராத சாமி. வேலை போயிரும்."

"நான் எதுக்குங்க சொல்றேன்? அது உங்க காலு."

சாய்தளம் வேண்டும் என்று அவள் பல முறை மனு கொடுத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த வருடம் வெளியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது என்றதும் ஒரே வாரத்தில் சாய்தளம் வந்துவிட்டது. மூன்றடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். அதற்கு மேல் நீட்டினால் கார் நிறுத்தும் இடம் போய்விடுமாம். பார்க்கிறவர்களுக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று வழவழப்பான டைல்ஸ் ஒட்டினார்கள். அழகுக்காக இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்தது நான்தான். வைத்து முடித்த பிறகுதான் நடுவில் சக்கர நாற்காலி நுழைய இடமில்லை என்பது தெரிந்தது. அவசரமாக எடுத்தேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"தொட்டிய எடுத்தாலும் ஏற முடியாதுங்க. அடிக்குப் பன்னெண்டடி நீளம் வேணும். மூணு அடி ஒசரத்துக்கு முப்பத்தாறு. இது ராம்பு இல்லீங்க, சறுக்கு மரம்." பிறகு சிரிக்காமல் சொன்னாள். "கூடப் படிக்கறவங்க இந்த செமஸ்டரோட போயிருவாங்க. எனக்கு இங்கயே ஆராய்ச்சி பண்ணோணும். அப்பறம் யாருங்க தூக்குவாங்க? ராம்பு போட்டாச்சுன்னு ஆபீஸ்ல சொல்லிருவாங்க."

எனக்கும் பார்த்ததுமே தெரிந்திருந்தது. துளை போடுவதற்கு முன்னால் ஜாக்கி வைத்து வண்டியை மட்டம் பார்த்து நிறுத்திய கண். வாய்தான் வரவில்லை.

ஆய்வுக்கு முந்தின நாள் அலுவலக அதிகாரி ஒருவரும் என்ஜினியரும் மேஸ்திரியும் பார்வையிட வந்தார்கள். அவள் அவர்களிடமும் சொன்னாள்.

"பழக்கம் இல்லாததால அப்படித் தோணுதும்மா. எல்லாரும் ஏறலாம்" என்றார் என்ஜினியர். சுற்றிப் பார்த்தார். நான் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு நின்றிருந்தேன். "தோட்டக்காரரே, வாளியோட ஒரு தடவ ஏறி எறங்குங்க. இவங்க பாக்கட்டும்."

"போய்யா" என்றார் மேஸ்திரி.

முன்னால் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

"பாத்தீங்களா, ஒரு சொட்டு சிந்தல!" என்றார் என்ஜினியர்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பக்கம் ஜெயித்திருக்கும். சொல்லவில்லை. நாற்காலிச் சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஓரமாகப் பக்கவாட்டில் கால் வைத்து நான் இறங்கியிருக்க முடியும். தொட்டிகளை எடுத்தபோது அப்படித்தான் இறங்கினேன். யாருக்கும் தெரிந்திருக்காது. வாளிகளைக் கீழே வைத்தேன். சரிவின் உச்சியில் உட்கார்ந்து இடது பேண்டை முழங்கால்வரை சுருட்டினேன்.

"மன்னிச்சுக்கோங்க. ஏறிட்டேன். என்னால எறங்க முடியாதுங்க."

மேஸ்திரி, "அடப்பாவி மனுசா, அஞ்சு வருசமா இத வெச்சுக்கிட்டா குழி வெட்டுன?" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "அடிக்குப் பன்னெண்டடி வேணுமுங்க" என்றேன்.

"அப்படிங்களா?" என்று அதிகாரி என்ஜினியரிடம் திரும்பினார். என்ஜினியர் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார்.

மண்வெட்டியைக் கழுவி மோட்டார் அறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் போகவில்லை. யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. நானே நின்றுகொண்டேன். மூன்றாம் நாள் காலையில் மேஸ்திரி போன் செய்தார்.

"எங்கய்யா போன? செம்பருத்தி வாடுது."

"இல்லீங்க, காலு..."

"அதக் கழட்டி வெச்சுட்டா வரப் போற? ஊனமுற்றோர் அட்டை இருந்தா எடுத்துட்டு வா, ஆபீஸ்ல கேக்கறாங்க. என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. மொதல்ல பஸ் ஏறு."

அலுவலகத்தில் அட்டையை நகல் எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். இன்றுவரை வேறொன்றும் கேட்கவில்லை.

ஆய்வு முடிந்ததும் டைல்ஸை உடைத்தார்கள். புதுச் சாய்தளம் சுவரை ஒட்டிப் போய், திரும்பி, மறுபடி ஏறியது. சொரசொரப்பான சிமெண்டுத் தரை, ஓரத்தில் கைப்பிடி. இடம் போதாமல் என் செம்பருத்திப் பாத்தியில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். பிடுங்கின செடிகளை வேறு இடத்தில் நட்டுக்கொண்டிருந்தபோது, அவள் முதல் தடவையாகத் தனியாக ஏறினாள். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு மேலே போய்த் திரும்பினாள்.

"வடம் புடிக்கறவங்களுக்கு லீவு விட்டாச்சுங்க அண்ணா! நீங்க எறங்கிப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் அம்மிணி."

அன்று காலையில், யாரும் வருவதற்கு முன்னால், இரண்டு தடவை ஏறி இறங்கியிருந்தேன்.