மணல் மூட்டைக்குப் பதிலாக

எங்கள் குடும்பத்தில் என் தொப்பைக்குத் தனி மரியாதை உண்டு. பந்தியில் யாராவது அதைக் கிண்டல் செய்தால் என் தங்கை உடனே குறுக்கே விழுவாள். "சும்மா இருங்க, அந்த வெயிட்டு இல்லன்னா நானே இல்ல" என்பாள். நானும் அதை நம்பித்தான் டாக்டர் சொன்ன நடைப்பயிற்சியைப் பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். இரண்டு உயிரைக் காப்பாற்றிய வயிற்றைப் போய்க் குறைப்பதாவது?

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீடு கல்வராயன் மலையின் அடிவாரத்தில், அணைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது. கோடையில் கரையோரமாகவே நடந்து மதகுக்கு வந்துவிடலாம். ஐப்பசியில் அணை நிறைந்தால் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் பாதையை அங்கங்கே அறுத்துவிடும். பிறகு தண்ணீர் வடியும்வரை மாமாவின் படகுதான் எங்களுக்கு பஸ்.

மாமா என் அம்மாவின் தம்பி. அணையில் மீன் பிடித்தார். கடலூர்ப் பக்கத்திலிருந்து மோட்டார் வைத்த பழைய பைபர் படகு ஒன்றை லாரியில் ஏற்றிவந்து ஊரையே வாய்பிளக்க வைத்தவர். அவர் மட்டும் போனால் அது பறக்கும். வலை, மீன் கூடை, கூட இரண்டு ஆள் என்று ஏறிவிட்டால் போச்சு. மோட்டார் இருக்கும் பின்பக்கம் தண்ணீரில் புதைந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். மோட்டார் கத்து கத்தென்று கத்தும், படகு அசையாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை எழுப்பினால் நான் எப்படி எழுந்திருப்பேனோ அப்படி.

மாமாவுக்கு இது மானப் பிரச்சினை. "சும்மா கெளம்பறதுக்கு எவன் படகு வேணா கெளம்பும்டா. கனத்தோட கெளம்பணும், சரக்குனு" என்பார். படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தார். பெட்ரோல் கேனைப் பின்னாலிருந்து நடுவுக்கு மாற்றினார். தண்ணீருக்குள் சுற்றும் விசிறியைக் கழற்றிக் கள்ளக்குறிச்சி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் இறக்கையை ஓரம் குறைத்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பலன் இருந்தது. மானம் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை.

கடைசியாக ஊர்ப் பிள்ளைகளைச் சரக்காக ஏற்றிச் சோதனை நடத்தினார். மற்றவர்கள் ஆளுக்கு அரை மூட்டை, நான் ஒன்றரை மூட்டை என்று கணக்கு. என்னைப் பின்னால் உட்கார வைத்தபோது மோட்டாரே முங்கப் பார்த்தது. "முன்னாடி போய்க் குந்துடா, பூசணிக்கா" என்றார். நான் மூக்கில் போய் உட்கார்ந்ததும் படகு தலைதாழ்த்தி மட்டமாகி, சட்டென்று பிய்த்துக்கொண்டு போனது. பின்னாலிருந்து மாமா கூவினார். வாழ்க்கையில் முதன்முறையாக என் உடம்பால் ஒருவர் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் என் ஆசனத்துக்கு ஓடினால் அங்கே ஒரு மணல் மூட்டை உட்கார்ந்திருந்தது.

"மாமா, நான்?"

"நீ இஸ்கூலுக்குப் போவணும். துன்றதுக்குக் கேப்ப. இது கேக்காது" என்றார்.

அந்த மூட்டையை யாரும் பார்க்காத நேரத்தில் நான் ஒருமுறை உதைத்திருக்கிறேன். கால்தான் வீங்கியது.

அதே மழைக்காலத்தில் அம்மாவுக்குப் பேறுகாலம் நெருங்கியது. அப்பா கரும்பு லோடோடு ஆலைக்குப் போனவர், வழியில் மழையில் மாட்டிக்கொண்டார். காலையில் நான் இட்லி தின்றுகொண்டிருந்தபோது அம்மாவுக்கு வலி கண்டது. மத்தியானமும் ஆகிவிட்டது, குழந்தை வரவில்லை. பிரசவம் பார்க்க வந்த அம்மாள் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "கொழந்த குறுக்கால கெடக்குது. என்னால ஆவாது. சீக்கிரம் கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போங்க" என்று சொன்னாள். அத்தை, என் அப்பாவின் அக்கா, வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

கயிற்றுக் கட்டிலோடு அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகின் நடுவில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் அத்தை. பின்னால் மோட்டாரோடு மாமா. நான் கரையில் நின்றேன். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவதாகப் பேச்சு. மாமா கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபோது அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மூக்குப் பக்கம் போய் மணல் மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிக் கரையில் வீசினார்.

"வாடா. நீதான் அங்க குந்தணும்."

"மூட்ட?"

"மூட்டைக்குக் கண்ணு இருக்குதா? தண்ணிக்குள்ள மொட்டப் பன நிக்குது. தெரிஞ்சா அது சொல்லுமா? ஏறுடா!"

நான் ஏறவில்லை. கிடந்த மூட்டையைப் பார்த்தேன். அன்று அது என்னைவிடப் பெரியதாகத் தெரிந்தது. என் கனம் பத்தாமல் படகு புதைந்துவிட்டால்? அதுவும் அன்று காலை, வீட்டில் இருந்த பரபரப்பில் ஓர் இட்லியைத் தட்டிலேயே விட்டிருந்தேன். அந்த இட்லியால் என் அம்மா சாகப் போகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. கரையிலிருந்த கூழாங்கற்களை அள்ளி அள்ளி டவுசர் பைகளில் திணித்தேன். டவுசர் இடுப்பிலிருந்து இறங்கியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

மாமா அதைப் பார்த்தார். மற்ற நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். அன்று வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மோட்டார் கயிற்றை இழுத்தார்.

"முன்னாடி மட்டும் பாரு. பின்னாடி திரும்பாத, பேலன்ஸ் பூடும்!"

படகு முதலில் கத்தியது. பின்பக்கம் புதைந்தது. நான் மூக்கின் மேல் கவிழ்ந்து படுத்து, மூச்சை உள்ளே இழுத்து அடக்கிக்கொண்டேன். மூச்சை விட்டால் கனம் குறைந்துவிடுமே. மூக்கு மெல்லத் தாழ்ந்தது. படகு மட்டமானது. அப்புறம் தண்ணீர் இரண்டு பக்கமும் கிழிந்துகொண்டு போனது.

தூறல் கண்ணில் குத்தியது. எங்கும் ஒரே சாம்பல் நிறம், மொட்டைப் பனை எது, அலை எது என்று தெரியவில்லை. கை காட்டுவதா, டவுசரைப் பிடிப்பதா என்பது வேறு. பின்னால் அம்மா முனகுவது மோட்டார் சத்தத்தின் நடுவே விட்டு விட்டுக் கேட்டது. கேட்கும்வரை எனக்குத் தைரியமாக இருந்தது. ஓர் இடத்தில் அது நின்றுபோனது.

"எம்மா!" என்று முன்னால் பார்த்துக்கொண்டே கத்தினேன்.

"ம்" என்று குரல் வந்தது. அத்தையின் குரல்.

"அம்மா ஏன் பேசல?"

"தூங்குறாடா. நீ முன்னாடி பாரு."

வலியெடுத்த பொம்பளை தூங்குவாளா என்று எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை. அம்மா தூங்குகிறாள், அசைந்தால் விழித்துக்கொள்வாள் என்று இன்னும் இறுக்கமாகப் படுத்தேன். தொடையில் கற்கள் குத்திக்கொண்டே வந்தன.

மதகுப் பக்கக் கரையில் பால் வண்டி நின்றது. கேன்களை இறக்கி வைத்துவிட்டு அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரியில் தங்கை பிறந்தாள். அம்மா வெகுநாள் கழித்து, பாதி ஆளாக வீடு திரும்பினாள். மாமா ஊர் முழுக்கச் சொன்னார்: "எங்க அக்காவ காப்பாத்துனது யாருன்ற? இந்தப் பூசணிக்கா தான். இவன் குந்துனான் பாரு, படகு சும்மா அம்பு மாதிரி!" அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு இரண்டாவது தட்டு கேட்காமலே வந்தது.

போன பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போனோம். ஏரியில் படகு விட்டார்கள். அம்மா, தங்கை, அவள் பிள்ளைகள், தலை நரைத்த மாமா எல்லோரும் ஏறிய பிறகு நான் கால் வைத்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

படகுக்காரத் தம்பி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். "சார், வெயிட்டு ஜாஸ்தி. நீங்க அடுத்த டிரிப்ல வாங்க. கனமா கீறவங்கள எறக்குனாத்தான் வண்டி கெளம்பும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு இறங்கப் போனேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எட்டி அந்தப் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, எம்புள்ள வரட்டும். வேற யாரையாவது எறக்கு."

"நான் எறங்கிக்கிறேன்கா" என்று மாமா எழுந்தார். கரையில் கால் வைக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டவர், தணிந்த குரலில் சொன்னார்: "அன்னிக்கும் இதையேதான்டா சொன்னா. திரும்பி வருவனோ இன்னாவோ, அவன் எங்கூட வரட்டும்டான்னா."

நான் அம்மாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். கரையில் மாமா மணல் மூட்டை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கனத்தோடு ஒரு படகு வேகமாகக் கிளம்ப மூக்கில் மணல் மூட்டையே போதும், கரையில் விட வேண்டியது என்னைத்தான். அது அணையிலேயே மாமாவுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு வேண்டியிருந்தது என் எடை அல்ல. கண் மூடுகிற வரைக்கும் நான் எதிரில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நானோ பை நிறையக் கல்லோடு, முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அந்தத் தண்ணீர் முழுக்க ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, பேலன்ஸ் போய்விடும் என்று.