இடது சீட்டு வாத்தியார்

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் தாராளமாகச் சொல்வேன். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, மாமனார் வீட்டில் என்னைவிடத் தனக்குத்தான் மரியாதை அதிகம் என்பதை ஒருநாளும் காட்டிக்கொண்டதும் கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் இன்று ஒரு மனுஷன் உயிரோடு கடைக்குப் போய் உயிரோடு வீடு திரும்புவது பெரிய காரியமாகிவிட்டது என்றால், அதில் பாதிப் பங்கு அவருடையது. மீதிப் பங்குக்கு வேறு யாராவது பொறுப்பேற்றுக்கொள்ளட்டும்.

அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, சிக்னல் படங்கள் ஒட்டிய ஒரு பலகை, வாசலில் நாலு பக்கமும் சொட்டை விழுந்த ஒரு பழைய கார். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. ‘லைசென்ஸ் வாத்தியார்’ என்றால் கைக்குழந்தைகூட வழி காட்டும். அவரிடம் சேர்ந்து லைசென்ஸ் வாங்காமல் போனவர் எவரும் இல்லை.

அவருடைய பாடத்திட்டம் ரொம்பச் சுருக்கம். பரீட்சை நடப்பது போக்குவரத்து ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில். அந்த மைதானத்துக்கு என்ன வேண்டுமோ அது மட்டும்தான் பாடம். “மரம் வந்ததும் ஸ்டீயரிங்க முழுசா ஒடிங்க. மஞ்சள் டிரம் கண்ணாடியில தெரிஞ்சதும் நேராக்குங்க. வேற எதையும் யோசிக்காதீங்க” என்பார். அவர்களும் சமர்த்தாக வேறு எதையும் யோசிக்க மாட்டார்கள். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தபிறகுதான் சிக்கல். ரோட்டில் மஞ்சள் டிரம் கிடையாதே! எங்கே திரும்புவது என்று தெரியாமல் தோன்றிய இடத்தில் திரும்புவார்கள். கடைத்தெரு மூலையில் ஒருநாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும், யார் என் சகலையிடம் படித்தவர் என்று கண்டுபிடித்துவிடலாம். எல்லோரும்தான்.

இதைவிடப் பெரிய கூத்து பிரேக். பயிற்சி வண்டிகளில் சொல்லிக்கொடுப்பவருக்கென்று இடது பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். சகலையின் காரில் அதைப் பொருத்திய வெல்டர் என்ன நினைத்தாரோ, கதவோரமாகத் தள்ளி வைத்துவிட்டார். அதனால் சகலைக்கு இடது காலால் அழுத்தித்தான் பழக்கம். எதிரே மாடு வந்தாலும் மனுஷன் வந்தாலும் முதலில் “பிரேக்! பிரேக்!” என்று கத்துவார். ஓட்டுகிறவர் காலை அசைப்பதற்குள் தானே அழுத்திவிடுவார். வண்டி நிற்கும். வாத்தியார் கத்தினால் வண்டி தானாக நிற்கும் என்றே மாணவர்கள் கற்றுக்கொண்டார்கள். தங்கள் காலடியில் இருந்த பிரேக்கை ஏதோ அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைத்தார்களோ என்னவோ.

அந்த இடது கால் வீட்டிலும் சும்மா இருக்காது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது அதில் ஒரு கார் வேகமாக வந்தால் போதும், கால் தரையை ஓங்கி மிதிக்கும். பஸ்ஸில் அவருக்கு முன்சீட்டு கிடைத்தால் நான் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன்.

காலையில் முதல் மாணவர் காரை வீட்டுக்கே ஓட்டிவந்து அவரை ஏற்றிக்கொள்வார். சாயங்காலம் கடைசி மாணவர் கொண்டுவந்து விடுவார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் “இன்னைக்கு ஹைவே கிளாஸ்” என்று ஒருவரைப் பிடித்து ஓட்டவைப்பார். ஊரே அவரை மகா டிரைவர் என்று நினைத்துக்கொண்டிருக்க, மனுஷன் வலது சீட்டில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

உறைக்கவைத்தவள் அவர் மகள். தண்ணீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. சுற்று வட்டாரமெல்லாம் போய்த் தண்ணீர் மாதிரி எடுத்துவர வேண்டும். கார் அவர்களே தருவார்கள், ஓட்டுவது அவள் பொறுப்பு. தினமும் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே போய்வர வேண்டிய வேலை. “அப்பா, எப்ப ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சகலை ஒருநாள் கிளட்ச் சரியில்லை என்றார், ஒருநாள் டயர் சரியில்லை என்றார், இன்னொரு நாள் தனக்கே இடுப்பு சரியில்லை என்றார்.

ஒருநாள் என்னிடம் மனம்விட்டுப் பேசினார். “பயமா இருக்கு சகலை. ரோடு முன்ன மாதிரி இல்ல. ஒருத்தனுக்கும் ஓட்டத் தெரியல. எவன் எந்தப் பக்கம் திரும்புவான்னு தெரியல. இதுல எப்படிப் புள்ளைய அனுப்புறது?”

“அவங்களுக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தாங்களாம்?” என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் பிள்ளைக்கு இவர் ஊட்டிய லட்சணத்தில் தன் பிள்ளை தெருவைக் கடப்பதே சந்தேகமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் போக்குவரத்து ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. ஊரில் விபத்துகள் அதிகமாகிவிட்டதால், ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் ஆய்வாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரோட்டில் தாங்களே ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான். சகலைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மகளிடம் வீறாப்புக்குக் குறைச்சல் இல்லை. “இந்தப் பரீட்சை முடியட்டும்மா. மறுநாளே உனக்கு ஆரம்பிச்சுடறேன். அரசாங்கமே சரின்னு சொன்ன வாத்தியார்கிட்ட கத்துக்கோ” என்றார்.

“அப்ப நானும் வர்றேன். நீங்க ஓட்டி நான் பார்த்ததே இல்ல” என்றாள் மகள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். “பெரியப்பா, நீங்களும் பின்னாடி உட்காருங்க. அப்பாவுக்குத் தைரியமா இருக்கும்.” யாருக்குத் தைரியம், யாருக்குப் பயம் என்பது வண்டியில் ஏறியபிறகு தெரிந்தது.

ஆய்வாளரைப் பார்த்ததும் சகலையின் முகத்தில் உயிர் வந்தது. அவரும் இவரிடம் படித்தவர்தான்! ஊரில் அந்த உத்தியோகத்தில் இருப்பவரை ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்பார்கள். சாலை விதிகளை எழுத்துப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, உத்தியோகம் வாங்கியவர். எந்த விதி எத்தனையாவது பிரிவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். வெளியே போக ஆபீஸ் ஜீப்பும் டிரைவரும் உண்டு. வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும் ஒரு புது ஸ்கூட்டர். “உங்களையே சோதிக்க வேண்டியிருக்கு, தப்பா நெனைக்காதீங்க சார்” என்று குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மாணவன் வாத்தியார் இடத்திலும் வாத்தியார் மாணவன் இடத்திலும் உட்கார்ந்தார்கள்.

சகலை ஏறியதும் பெல்ட்டுக்காக இடது தோளுக்கு மேலே கையை விட்டு ஆய்வாளரின் காதைப் பிடித்தார். “பரவாயில்ல சார்” என்றார் ஆய்வாளர். வண்டியைக் கிளப்பினார், குலுங்கி நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. ஆய்வாளர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஒருவழியாக வண்டி நகர்ந்தது. ஆஸ்பத்திரி ரோட்டில் போய்த் திரும்பி வர வேண்டும். சகலை முதல் கியரைவிட்டு மாற மனமில்லாமல் ஓட்ட, பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே வைதார்கள். காய்கறிக் கூடையோடு சைக்கிளில் வந்த ஒரு அம்மா எங்களை முந்திக்கொண்டு போனார். போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, “உடம்புக்கு முடியலையா?” என்று வேறு கேட்டார்.

திரும்பி வரும்போது ஆபீஸ் வாசலுக்கு ஒரு இறக்கம் உண்டு. அங்கே அன்றைக்கு லைசென்ஸ் பரீட்சைக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். நடைபாதையில் வண்டிகளை நிறுத்தியிருந்ததால் வரிசை நடுரோட்டில் நின்றது. இறக்கத்தில் கார் வேகம் பிடித்தது. சகலை வரிசையைப் பார்த்தார். பார்த்ததும் வகுப்பில் கத்துகிற அதே குரலில், “பிரேக்! பிரேக் போடுங்க! பிரேக்கு!” என்று கத்தினார். இடது காலை ஓங்கி மிதித்தார். வலது சீட்டில் இடது காலுக்குக் கீழே இருப்பது கிளட்ச், மிதித்தால் என்ஜினின் பிடியும் விட்டுப்போகும். கட்டிப்போட்ட காளையை அவிழ்த்துவிட்ட மாதிரி வண்டி இன்னும் வேகமாக இறங்கியது.

பக்கத்தில் இருந்தவராவது அழுத்த வேண்டுமே! காலடியிலேயே பிரேக் இருக்கிறது, பெயரிலும் பிரேக் இருக்கிறது. ஆனால் வாத்தியார் குரல் காதில் விழுந்ததும் ஆய்வாளர் பழைய மாணவராகிவிட்டார். இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வாத்தியார் பிரேக் போடுவார் என்று காத்திருந்தார். வாத்தியாரோ, யாராவது பிரேக் போட மாட்டார்களா என்று கத்திக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். குலதெய்வத்தைக் கூப்பிட்டேன்.

மகள்தான் இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து கைப்பிரேக்கை இழுத்தாள். கார் கிறீச்சிட்டு, பாதி வட்டம் போட்டு, ஓரத்தில் நின்றிருந்த ஒரு ஸ்கூட்டரை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது. வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் அதற்குள் சாக்கடைக்குள் குதித்திருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

ஆய்வாளர் கண்ணைத் திறந்து இறங்கினார். “யார் சார் இங்க ஸ்கூட்டரை நிறுத்தினது? வண்டி நிறுத்தக் கூடாதுன்னு போர்டு இருக்குல்ல?” என்று சீறினார். கிட்டே போனபிறகுதான் அது தன்னுடையது என்று தெரிந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அது கிடக்கட்டும் சார், உங்க காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருந்துச்சே, அதை ஏன் அழுத்தல?” என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “அது வாத்தியார் பிரேக் இல்லையா?” என்றார்.

அப்புறம் அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். சகலையைத் தவறியவர் என்று எழுதினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் ஸ்கூட்டர் நின்ற இடம் வரும், பிரேக் இருந்த இடமும் வரும். பேனாவை எடுத்தார். ‘ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து உரக்க எச்சரித்தார். தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாக்கடையிலிருந்து முழங்கால்வரை சேற்றோடு ஏறி வந்தவர்களைப் பார்த்ததும், சரி, இன்றைக்குச் சகலைக்குத் தர்ம அடிதான் என்று நினைத்தேன். மனசுக்குள் கொஞ்சம் ஆசையும் இருந்தது. ஆனால் அவர்கள் அந்தக் காகிதத்தைத்தான் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“பாஸா? பாஸ் போட்டுட்டாரா?”

“இன்ஸ்பெக்டர் வண்டியையே இடிச்சுட்டுப் பாஸ் வாங்கிட்டாருப்பா! அப்ப நம்மள எல்லாம் விட்டுடுவாரா?”

அவ்வளவுதான், சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் ஸ்கூல் எங்கே என்று கேட்டார், ஒருவர் போன் நம்பர் கேட்டார். வேறொரு பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி சேலையில் சேறு சொட்டச் சொட்ட, “பாதியில மாறி வந்தா சேர்த்துப்பீங்களா சார்?” என்று கெஞ்சினாள். ஒரு நிமிஷம் முன்னால் இந்த ஆள் அவளைக் கொன்றிருப்பார். சகலையின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. “வாங்கம்மா, திங்கட்கிழமை வாங்க” என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்தக் கூட்டத்தின்மேல் திரும்பியது. கத்திக்குக் கழுத்தைக் கொடுப்பதற்கு வரிசையில் நிற்கிறவர்களை யார் காப்பாற்ற முடியும்?

முன்பக்கம் நசுங்கிய காரை மெக்கானிக் இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் மூவரும் வீட்டுக்கு நடந்தோம். கடைத்தெரு மூலையில் வெள்ளைக்கோடு போட்ட இடத்தில் ரோட்டைக் கடக்க நின்றோம். வண்டி மேல் வண்டியாக வந்தது. ஒன்றுகூட நிற்கவில்லை. ஓட்டியவர்களில் நிறையப் பேர் சகலையை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஸ்டீயரிங்கைவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்கள். ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “சார், நல்லா இருக்கீங்களா?” என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே பறந்தார். சகலையும் ஒவ்வொருவருக்கும் பதிலுக்குக் கையை உயர்த்தினார்.

“நாளைக்குக் காலையில வேற வண்டி வாடகைக்கு எடுத்து ஆரம்பிச்சுடலாமா?” என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

“அப்பா, உங்ககிட்ட வந்தா லைசென்ஸ் கிடைச்சுடும், தெரியும். நான் வண்டி ஓட்டக் கத்துக்கணும். அதுக்கு யார்கிட்ட போகட்டும்? நீங்களே சொல்லுங்க.”

குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே கேட்டாள். சகலை ஒரு பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அந்தப் பள்ளிக்காரரும் இவரிடம் படித்தவர்தான். இன்னொருவரை நினைத்தார், முகத்திலேயே தெரிந்தது, அவரும் அப்படித்தான். இத்தனை நாளும் அவரைக் கிண்டல் செய்தே பிழைத்தவன் நான். எனக்கே அப்போது பாவமாக இருந்தது, அவரைப் பார்த்து இல்லை, அந்தப் பெண்ணைப் பார்த்து.

“தெரியலம்மா” என்றார் கடைசியில். வளர்ந்த மகளின் கையைச் சின்னக் குழந்தையின் கையைப் பிடிக்கிற மாதிரி இறுகப் பிடித்துக்கொண்டார். வண்டிகள் கும்பிட்டுக்கொண்டே போயின. ஒன்றாம் தேதி அவள் வேலையில் சேர வேண்டும்.