மடிக்கணினியைத் திறந்த கை

எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் வெறுமனே இருப்பதில்லை. ரிமோட் பொலித்தீன் பைக்குள் இருக்கும். பாவிக்காத பிளக் ஓட்டைகளுக்குக் கறுப்பு டேப். ரேடியோவின் முதுகுக்கும், டோர்ச் லைட்டின் சுவிட்சுக்கும் அதே டேப். எல்லாம் என் கணவரின் வேலை. கடலோரத்தில் இருக்கும் எங்கள் கரம்பொன் ஊரின் காற்றில் இரும்பு என்று எதை வைத்தாலும் உப்பு தின்றுவிடும். எங்கள் கல்யாணத்துக்கு வந்த மின்விசிறி மூன்று வருஷம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த மனிதருக்குக் கடல்காற்றோடு தீராத பகை. எனக்கோ அந்த டேப்புகள் பழகிப் பழகிக் கண்ணில் படுவதே இல்லை.

மடிக்கணினி வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி கொடுத்துவிட்டது. கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவர் கொண்டுவந்து தந்தார். கடையில் இருந்ததிலேயே மலிவானதாகப் பார்த்து வாங்கியிருக்கிறான் என்பது அதைத் திறந்த அன்றே தெரிந்துவிட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குசினிக்குப் போய் ஒரு பாதித் தேங்காய் திருவிக்கொண்டு வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். தானமாக வந்ததைக் குறை சொல்லக்கூடாது என்று பேசாமல் இருந்தேன்.

பேசாமல் இருக்க முடியாத நிலை பிறகு வந்தது. ஊர்காவற்றுறையில் நான் பதினொரு வருஷம் தட்டச்சு செய்த கடையைப் பூட்டிவிட்டார்கள். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, வவுனியாவில் ஒன்றுவிட்ட அக்காவின் கணவர் நடத்தும் அலுவலகம். அங்கே போனால் அவர்கள் வீட்டிலேயே தங்கவேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருதரம் வீட்டுக்கு வரலாம். மற்றது, ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை. கொழும்பில் இருந்து தருவார்கள், வீட்டில் இருந்தே செய்யலாம். ஆனால் அதற்கு ஒரு சோதனை உண்டு. இரண்டு மணித்தியாலம் ஒரே இருப்பில், அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே தட்டவேண்டும். இடையில் கணினி நின்றால் அடித்தது அவ்வளவும் போய்விடும்.

என் கணவர் தோட்டத்தில் வெங்காயம் வைப்பவர். இரண்டு வழியையும் கேட்டுவிட்டு, "உமக்கு எது சுகமோ அதைச் செய்யும்" என்றார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கணினியில் அவர்களுடைய பக்கம் திறக்கவே மூச்சு வாங்கியது. இணையத்தில் நாலைந்து காணொளி பார்த்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேகமான எஸ்.எஸ்.டி ஒன்றைப் பூட்டி, ராம் என்ற நினைவகத்தையும் இரட்டிப்பாக்கினால் ஓடும் என்று விளங்கியது. யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறிப் போய் இரண்டையும் வாங்கினேன். கடைத் தம்பி, "குடுத்திட்டுப் போங்கோ அக்கா, நாங்கள் பூட்டித் தாறம். உங்களுக்கு ஏலாது" என்றான். ஏலாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் பிறகு நான் விடமாட்டேன்.

சாப்பாட்டு மேசையில் துவாயை விரித்து, மூக்குக்கண்ணாடிக்கு வாங்கிய சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினேன். பத்துத் திருகாணி. கணவர் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, நான் கழற்றக் கழற்ற ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டார். வயிற்றைத் திறந்ததும் எட்டிப் பார்த்து, பின்விளிம்பில் கீறிவிட்டதுபோல இருந்த துளை வரிசையைக் காட்டினார்.

"உந்தச் சீவலுக்குள்ளால உப்புக்காத்து பூராதோ?"

என் உதட்டுக்கு நடுவில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. பதில் சொல்லவில்லை. அவர் எப்போதும் கேட்கும் கேள்விதானே என்று கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

பூட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டேன். தேங்காயைக் கையில் எடுக்கவும் நேரமில்லை, திரை வந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷப் புழுகத்துக்கு அளவில்லை. கடைத் தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன்.

அந்தப் புழுகம் ஒரு நாள்தான். அடுத்த நாள் முக்கால் மணித்தியாலம் ஓடிவிட்டுப் பட்டென்று நின்றது. அடி தோசைக்கல்லாகச் சுட்டது. ஆறவிட்டுப் போட்டேன், திரும்பவும் நின்றது. பத்துத் திருகாணியையும் மறுபடி கழற்றினேன். ராமின் பல்லை பென்சில் அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினேன். சரிவரவில்லை. பழைய ராமையே திரும்பப் போட்டேன். அப்படியும் நின்றது. முன்பு மெதுவாக என்றாலும் நிற்காமல் ஓடிய சாமான், நான் கை வைத்தபிறகு நிற்கிறது. வேறு யாரைச் சொல்வது? அந்தக் கடைத் தம்பி சொன்னது சரி என்று ஆகிவிட்டதே என்று நெஞ்சு எரிந்தது.

சோதனை நாள் வந்தது. சூடுதான் காரணம்போல இருக்கிறது, உள்ளே எதையோ உரசிவிட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டார். நான் தட்ட, அவர் கணினியின் பின்பக்கம் இருந்து விசிறினார். கை மாற்றி மாற்றி விசிறினார், ஒருதரம்கூட எழும்பவில்லை. ஐம்பதாவது நிமிஷம் திரை கறுத்தது.

நடந்ததை எழுதி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை இன்னொருதரம் செய்யலாம், அதுதான் கடைசி என்று பதில் வந்தது. நான் அதை நம்பி இருக்கவில்லை. வவுனியாவுக்குக் கொண்டுபோக உடுப்புகளை அடுக்கத் தொடங்கினேன். கணவர் வாசலில் நின்று பார்த்தார். "குடையையும் வையும், அங்கை மழை கூட" என்றார். அந்தக் குடையாலேயே ஒரு போடு போட்டிருப்பேன்.

வியாழக்கிழமை காலை, கணினியை அலுமாரிக்குள் வைத்துவிடலாம் என்று ஈரத்துணியால் துடைத்தேன். பின்பக்கம், மூடி மடியும் இடத்துக்குக் கீழே, விரலில் பசை பிசுபிசுத்தது. நகத்தால் கிளறினேன். கறுப்பு உடம்பில் கறுப்பு டேப், ஓரம் பிசகாமல் அளந்து வெட்டி ஒட்டியிருந்தது. சூட்டில் பசை உருகி வழிந்திருந்தது. அது நிற்கத் தொடங்கிய பிறகு இரண்டுதரம் அந்தக் கணினியைக் கவிழ்த்துக் கழற்றியவள் நான். பார்த்ததெல்லாம் திருகாணிகளை மட்டும்தான்.

"இதென்ன?"

அவர் கிட்ட வந்து குனிந்தார். "டேப்."

"டேப் எண்டு தெரியுது. ஆர் ஒட்டினது?"

"நான்தான் ஒட்டினனான். நீர் புதுச்சாமான் பூட்டின மற்றநாள் விடிய. காத்து பூராதோ எண்டு அண்டைக்குக் கேட்டனான் எல்லே? நீர் ஒண்டும் சொல்லேல்லை."

"ஐயோ, அது சூடு வெளிய போற வழியப்பா!"

அவர் முகம் செத்துவிட்டது. "அப்ப உது நிண்டது என்னாலயோ?" என்று மெல்லக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் என் கை பழுதாக்கவில்லை என்ற ஆறுதல் அதைவிடப் பெரிதாக வந்தது. இரண்டும் சேர்ந்து சிரிப்பாகிவிட்டது. தான் அடைத்த ஓட்டைக்குத் தானே ஐம்பது நிமிஷம் விசிறியிருக்கிறார்! டேப்பை அவரே உரித்தார். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பசையையும் துடைத்தார். நான் புதிய ராமைத் திரும்பப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை அவர் விசிறி எடுக்கவில்லை. அதே கதிரையில் இருந்து, அந்தச் சீவலுக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "காத்து வருகுது" என்றார். கொஞ்ச நேரத்தில், "இன்னும் வருகுது" என்றார். பேசவேண்டாம் என்று கண்ணால் அதட்டிவிட்டுத் தட்டினேன். இரண்டு மணித்தியாலமும் ஓடியது. திங்கட்கிழமை, வேலைக்கு எடுத்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. வவுனியாவுக்கு நான் வரவில்லை என்று அப்போதே அறிவித்தேன்.

அடுக்கிய உடுப்புகளைத் திரும்ப அலுமாரியில் வைக்கும்போது அவரைக் கேட்டேன். மனதில் கிடந்து அரித்த கேள்விதான்.

"நான் போறதெண்டு பையும் அடுக்கினனான். போகாதை எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லையோ?"

அவர் குடையை எடுத்து ஆணியில் கொழுவினார்.

"சொன்னா நீர் நிண்டிருப்பீர். பிறகு எனக்காக நிண்டதாப் போயிடும். உந்தக் கணினி பழுதாகாமல் இருந்தா நீராய் விரும்பி நிப்பீர் எண்டு நினைச்சன். அதுதான் டேப் ஒட்டினனான்."

குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கும் வரை அங்கேயே நின்று அழுதேன்.