மோட்டார் ரூம் சுவரில் மூக்கம்மாள் அக்கா

எங்கள் ஊர்க் கண்மாய்க்கரைப் பாதை தேவாரம் சாலையில் போய் முடிகிறது. காலையில் நடக்கிறவர்களும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் அந்த வழிதான். போன வருடம் ஊர்க்காரர்களே சேர்ந்து பாதை நெடுக உள்ள சுவர்களில் படம் வரைவதென்று முடிவெடுத்தோம். முடிவெடுத்தோம் என்று இன்று சுலபமாக எழுதிவிட்டேன். மயிலா யானையா என்று மூன்று கூட்டத்தில் சண்டை. எனக்கு எரிச்சல் வந்து, "இந்தப் பாதையில அதிகமா நடந்த ஆள வரைவோம்யா" என்றேன். அதற்கு மட்டும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அது மூக்கம்மாள் அக்கா என்று எல்லோருக்கும் தெரியும்.

முப்பது வருடமாகத் தலையில் கூடையோடு அந்தக் கரையில் நடந்து, தேவாரத்தில் கீரை விற்கிறவர். வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்தக் கீரையிலேயே மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தார். கீரை வாடியிருக்கிறது என்று எவராவது வாய் திறந்தால் தொலைந்தார்கள். அப்படிப்பட்ட வாய், அண்ணன் பேச்சை எடுத்தால் மட்டும் அடங்கிவிடும். பெரியகுளத்தில் இருக்கும் சுருளியாண்டிதான் அந்த அண்ணன். தங்கை மகள் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். தன் மகனுக்குக் கொடுக்கவில்லை என்று கோபித்து, "இனி ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிப் போனவர். பதினோரு வருடமாகிவிட்டது.

படம் வரையக் கேட்டால் விரட்டிவிடுவார் என்று பயந்துகொண்டேதான் போனேன்.

"எந்தச் செவுரு?"

"ரோட்டோரம் மோட்டார் ரூம் செவுருக்கா."

"பஸ்ஸுல போறவுகளுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தார். "எங்கண்ணன் மாசம் ஒருக்கா தேவாரம் வாராக. மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்னாகல்ல, பெருசா வரைங்க."

கல்லூரியில் படிக்கிற எங்கள் ஊர்ப்பிள்ளை பெனிஷா கோடு போட்டுக் கொடுத்தாள், நாங்கள் வண்ணம் அடித்தோம். ஆறடி உயரத்துக்கு முகம், கீழே பெயர். திறப்பு நாளில் அக்காவுக்குச் செவ்வந்தி மாலை போடப் போனோம். "எனக்கு எதுக்குய்யா இதெல்லாம்" என்று கையிலிருந்து பிடுங்கி, படத்துக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டிவிட்டுக் கீரை விற்கக் கிளம்பிவிட்டார். நாங்களும் அதை எடுக்கவில்லை. எங்கள் மடத்தனம்.

சுவர் நிறைய முகம், பெயர், மேலே மாலை. பஸ்ஸில் போகிற மனுஷன் வேறென்ன நினைப்பார்? மூன்றாம் நாள் அந்த வழியாக வந்த சுருளியாண்டி ஒரே முடிவுக்கு வந்துவிட்டார். போன் போட்டுக் கேட்கலாம்தான். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் யாரைக் கேட்பது? தேவாரத்தில் இறங்கி, செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கடைசியாகப் போர்த்துகிற கோடிச் சேலையை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

"என் ஆத்தா, ஒன்னையப் பாக்காமலே விட்டுட்டேனே" என்று தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தார். சத்தம் கேட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் உட்கார்ந்து கீரையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் அக்கா. அவரைக் கண்டதும் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அந்தச் சேலையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. இன்றைக்கு ஏச்சுத்தான் என்று நான் நினைத்தேன். அவர் எழுந்து வந்து சேலையை வாங்கிப் பிரித்து, தோளில் போட்டுக்கொண்டார்.

"கோடி வந்துருச்சு. இனி நான் செத்தா நீங்க வர வேணாம்ணே," என்றார். "இருக்கையில வாங்க."