கனிஷ்கா பிறந்த அன்று யாரும் முகம் பார்த்துப் பேசவில்லை

குன்னூர் பஜாரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் சபாபதியின் மனைவி தீபலட்சுமிக்கு, மகள் பிறந்த நாள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது குழந்தையின் முகம் அல்ல. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, ஆறிப்போன பாலையே மறுபடி மறுபடி ஆற்றிக்கொண்டிருந்த மாமியார் ஜானகியம்மாளின் முதுகுதான்.

தீபலட்சுமி மேட்டுப்பாளையத்துப் பெண். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகலாமென்றால் அம்மா உயிரோடு இல்லை. ரத்த அழுத்தமும் ஏறியிருந்ததால் மலைப்பாதையில் பயணமே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே குன்னூரிலேயே ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில், ஐப்பசி மழை பெய்த ஒரு காலையில், மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள்.

கண்விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்துத் தொட்டில் காலியாக இருந்தது. பெண் குழந்தை என்றார் ஜானகியம்மாள். எங்கே என்று கேட்டாள். குளிருக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். சபாபதி? கடையில் சரக்கு இறங்குகிறதாம். தலைக்குழந்தை பிறந்த அன்று எந்தத் தகப்பன் சரக்கு இறக்கப் போவான்? தன் செல்போனைக் கேட்டாள். தையல் போட்டிருக்கிறது, பேசக்கூடாது என்று தயங்கி, அவள் பிடிவாதம் பிடித்த பிறகுதான் ஜானகியம்மாள் கொடுத்தார். சபாபதியின் போன் அணைந்திருந்தது.

அதிலிருந்து அவள் எல்லாரையும் கவனிக்க ஆரம்பித்தாள். குழந்தை என்ன எடை என்று கேட்டதற்கு, பார்த்துச் சொல்வதாகப் போன நர்ஸ் திரும்பி வரவேயில்லை. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் ஜானகியம்மாளோடு குசுகுசுத்துவிட்டு, உள்ளே வந்ததும் மழையைப் பற்றிப் பேசினார்கள். யார் கையிலும் இனிப்பு இல்லை.

வளைகாப்பிலிருந்தே ஜானகியம்மாள் பேரன், பேரன் என்றே சொல்லிக்கொண்டிருந்தவர். வளைகாப்பு அன்று பிள்ளையில்லாத உறவுக்காரி ஒருத்தி தீபலட்சுமியின் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. பெண் என்றதும் தூக்கிக் கொடுத்துவிட்டார்களோ? சபாபதியும் அதற்கு உடந்தையோ? மாத்திரை கொடுத்தபோது, தூங்கவைக்கப் பார்க்கிறார்கள் என்று நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்திருந்து துப்பினாள்.

சாயங்காலம் ஜானகியம்மாள் டீ வாங்கக் கீழே இறங்கியதும், கையிலிருந்த ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டு எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்தாள். குழந்தை அழுத ஓர் அறைக் கதவைத் திறந்தால், அங்கே வேறொருத்தி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒன்றுமில்லை.

அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஆண்டாயி ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். தீபலட்சுமி அவள் கையை விடவில்லை. என் பிள்ளையை யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டாள்.

ஆண்டாயி கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "யாருக்கும் குடுக்கல கண்ணு. பொறந்ததும் புள்ள அழுவல. மூச்சுத் திணறுச்சு. உங்கூட்டுக்காரருதான் ஆம்புலன்ஸ்ல கோயமுத்தூருக்குக் கொண்டுட்டுப் போயிருக்காரு."

"உசுரோட போச்சா?"

"உசுரோடதான் போச்சு. நான் பாத்தேன்."

ஆண்டாயி அவளைக் கொண்டுவந்து படுக்கவைத்தாள். டீயோடு வந்த ஜானகியம்மாள், கட்டில் விரிப்பில் ரத்தத்தைப் பார்த்துப் பதறினார். அழுதால் தையல் விட்டுவிடும் என்று பயந்துதான் மறைத்ததாகச் சொன்னார். "நீங்க மறைச்சதுனாலதாங்க அத்தை நான் எந்திரிச்சு நடந்தேன்" என்றாள் தீபலட்சுமி.

ஒரு வாரம் கழித்துக் குழந்தை வந்தது. அப்போதும் அவள் உடனே மார்போடு சேர்க்கவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எத்தனை பெட்டிகளில் எத்தனை குழந்தைகள்! இது தன்னுடையதுதான் என்று எப்படி நம்புவது? உள்ளங்காலைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை.

சபாபதி கோபித்துக்கொள்ளவில்லை. தன் போனை எடுத்து அவள் மடியில் வைத்தான். ஆம்புலன்சில் ஏறும் முன்பே குழந்தையைப் படம் எடுத்திருந்தான். இடது காதோரம் கடுகளவு சதை துருத்திக்கொண்டிருந்தது. கோயமுத்தூரில் கண்ணாடிக் கதவு திறந்தபோதெல்லாம் அந்தக் காதையே எடுத்திருந்தான். முதல் நாள் போன் அணைந்துகிடந்ததுகூடப் படம் எடுத்தே சார்ஜ் தீர்ந்ததால்தான். "எனக்கும் பயந்தான். மாத்திக் குடுத்துருவாங்களோன்னு" என்றான். அவள் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த குழந்தையின் காதைத் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

கனிஷ்கா இப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள். மாமியாரும் மருமகளும் மட்டும் வெகுகாலம் அளந்து அளந்துதான் பேசிக்கொண்டார்கள்.

போன வருஷம் ஜானகியம்மாளுக்கு வயிற்றுவலி வந்து, கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். வெறும் அல்சர் என்றான் சபாபதி. காரில் மலையேறி வரும்போது பர்லியாரில் டீ வாங்க அவன் இறங்கியதும், ஜானகியம்மாள் மருமகள் பக்கம் திரும்பினார்.

"இவன் மூஞ்சியே செரியில்ல. நீ சொல்லு கண்ணு."

தீபலட்சுமி அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, குடலில் கட்டி என்பதையும், உடனே எடுத்துவிட்டால் பிழைக்க வழியுண்டு என்று டாக்டர் சொன்னதையும் அப்படியே சொன்னாள். ஜானகியம்மாள் கேட்டுக்கொண்டார். சபாபதி கொண்டுவந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு, அப்படியே வண்டியைக் கோயமுத்தூருக்குத் திருப்பச் சொன்னார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது செக்கப்புக்குப் போகும்போது டாக்டரின் அறைக்குள் மருமகளை மட்டும்தான் அழைத்துப்போகிறார். மகன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.