கமலநாயகி ரீச்சர் திரையில் எழுதிய நாள்

சாரங்காவுக்கு வாய்த்த வேலை அப்படி. கிழமை நாட்களில் ஜெர்மன் பள்ளிக்கூடங்களுக்குப் போய், தொடுதிரையைக் கண்டாலே முகம் சுளிக்கும் ஆசிரியர்களுக்கு அதைப் பழக்கவேண்டும். போன வருடம்தானே வேறொன்று பழகினோம் என்று அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். சனிக்கிழமையாவது நிம்மதி உண்டா என்றால், அவள் உதவிக்குப் போகும் கெல்சென்கிர்ச்சன் தமிழ்ப் பள்ளியில் கமலநாயகி ரீச்சர் இருந்தார்.

தமிழ்ப் பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் ஏது? ஒரு ஜெர்மன் பள்ளிக்கூடத்தின் இரண்டு அறைகள், சனிக்கிழமை மட்டும், அதுவும் இரவல். அகதியாக வந்து படிப்பிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து ரீச்சருக்கு ஒரே சட்டம்தான்: அவர்களுடைய பொருளில் கை வைக்கக்கூடாது. இப்போது கரும்பலகையைக் கழற்றிவிட்டுச் சுவர் நிறையத் திரை மாட்டியிருந்தார்கள். நீங்களும் பாவிக்கலாம் என்று அனுமதியும் தந்திருந்தார்கள். ரீச்சரோ அதன் பக்கமே போகாமல், கடதாசியில் மார்க்கரால் எழுதித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்வரிசைக்கு ஒன்றும் தெரியவில்லை. சலித்துப்போன பிள்ளைகள் ஒவ்வொருவராக வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் வகுப்பை மூடவேண்டியதுதான்.

"அவையின்ர சாமான், பிள்ளை. ஏதும் நடந்தா அறையைப் பறிச்சுப்போடுவினம்."

"ஒண்டும் நடக்காது ரீச்சர். பயப்பிடாமல் எழுதுங்கோ."

மாதக்கணக்கில் கெஞ்சியபின், கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை ரீச்சர் ஒருவழியாக இறங்கி வந்தார். சாரங்கா திரையை இயக்கிவிட்டு, அடுத்த அறையில் யாரோ கூப்பிட, ஓடிப்போனாள். திரைக்குரிய பேனா மேசையில் கிடந்தது. பக்கத்திலேயே ரீச்சரின் மார்க்கரும் கிடந்தது.

அவள் திரும்பி வந்தபோது பிள்ளைகள் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் மார்க்கரால் பெரிதாக ஒரு 'அ' எழுதியிருக்கிறார். அது அழியாததைக் கண்டு பதறி, கைகழுவும் தொட்டியில் கிடந்த, பாத்திரம் தேய்க்கும் பஞ்சின் சொரசொரப்பான பக்கத்தால் தேய்த்துவிட்டார். மை போய்விட்டது. திரை எங்கும் கீறல் விழுந்திருந்தது.

ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்திருந்தால் போயிருக்கும் மை அது. மாதக்கணக்கில் தைரியம் சொன்ன சாரங்கா, எந்தப் பேனாவால் எழுதவேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள்.

தை மாதத்திலிருந்து அறை இல்லை என்று பள்ளிக்கூடம் அறிவித்தது. திரையைத் திருத்தித் தருகிறோம் என்று சாரங்கா நேரில் போய்க் கேட்டாள். மரியாதையாகத்தான் மறுத்தார்கள்.

கடைசிச் சனிக்கிழமை ரீச்சர் மேசைகளை வழமைபோல அந்தந்த இடத்தில் இழுத்து வைத்தார்.

"என்ர பிழை ரீச்சர்," என்றாள் சாரங்கா. அழுகை வந்துவிட்டது. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"எழுதேக்க சந்தோசமா இருந்தது, பிள்ளை," என்றார் ரீச்சர். "பின்வரிசையும் நிமிர்ந்து பாத்தது."

திங்கட்கிழமை வேறொரு பள்ளிக்கூடம். கையைக் கட்டிக்கொண்டிருந்த ஆசிரியர்களுக்கு முன்னால் சாரங்கா நின்றாள். பயப்படாதீர்கள், ஒன்றும் நடக்காது என்றுதான் எப்போதும் தொடங்குவாள். அன்றைக்குத் திரைக்குரிய பேனாவைத் தூக்கிக் காட்டி, இதால் மட்டும்தான் எழுதவேண்டும் என்று தொடங்கினாள்.